மேரி பிஸ்கட்

வெள்ளை கோல்ஃப், ஜி.டி.ஐ.
எழுபத்திரண்டு தவணையில் நாற்பத்தொன்று கட்டியாயிற்று.
மரியன்ஹில் சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம்
மழை நிரம்பிய குழியில்
இடது முன்சக்கரம் போனது.
வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

டிக்கிக் கம்பளத்தைத் தூக்கினால்
அடியில் மல்லாந்து கிடக்கிறது அது.
ஒரு சாண் அகலம்கூட இல்லாத டயர்.
நெற்றியில் மஞ்சள் சீட்டு:
எண்பதைத் தாண்டாதே.
இங்கே அதற்கு மேரி பிஸ்கட் என்று பெயர்.
வைத்தவன் டீ குடித்துக்கொண்டே வைத்திருப்பான்.

முன்னால் ஏற மறுத்தது.
பெரிய பிரேக்தான் வேண்டும் என்று
கேட்டு வாங்கியவள் நான்.
அந்தச் சிவப்புத் தோள் இடிக்கிறது.
ஆகவே பின்னால் சும்மா இருந்த நல்ல சக்கரத்தைக் கழற்றி
முன்னால் மாட்டி
அது விட்டுவந்த இடத்தில் பிஸ்கட்.
ஒரு பஞ்சருக்கு இரண்டு தடவை ஜாக்கி.
பத்து போல்ட்.
அறுவை அரங்கில் பஞ்சுகூட எண்ணி எடுக்கிற கை,
லாரிக் காற்றில் பாவாடை பறக்க,
பத்தையும் எண்ணிற்று.
அப்புறம் இன்னொரு தடவை எண்ணிற்று.

நாலு புள்ளி இரண்டு காற்று வேண்டுமாம் அதற்கு,
தடித்த மூன்றுக்கும் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
ஒல்லிகள் எங்கேயும் இப்படித்தான்,
விறைப்பாகவே நிற்கவேண்டியிருக்கிறது.

டயர்க் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.
“பத்தொன்பது அங்குலமா, சிஸ்டர்?
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரணும். வியாழன்.”
அன்று சனி.

திங்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து
ஹிக்கின்சன் சாலை ரோபோவில் நிற்கிறேன்.
(சிவப்பு விளக்குக்கு இந்த ஊரில் ரோபோ.)
பக்கத்தில் அதே சிவப்பு போலோ.
ஐந்து மாதமாக நானும் அவனும்
பெயர் தெரியாமல் உறுமிக்கொள்கிறோம்.
கணக்கு: எனக்கு ஒன்பது, அவனுக்கு நாலு.
அவன் உறுமினான்.
நான் பதில் சொல்லவில்லை.
எட்டிப் பார்த்தான். பின்சக்கரத்தைப் பார்த்தான்.
சிரித்த பற்கள் ரோபோ வெளிச்சத்தில் பச்சையாயின,
போய்விட்டான்.

எண்பது என்பது எவ்வளவு நீளமான எண்!
மினிபஸ் தாண்டியது. ரொட்டி வேன் தாண்டியது.
கோழிக் கூண்டு ஏற்றிய பிக்கப் தாண்டியபோது
ஒரு கோழி என்னைத் திரும்பிப் பார்த்தது.
இடது பின்பக்கம் சன்னமாக இழுக்கிறது,
பேச்சில் சேராத சொந்தக்காரர் மாதிரி.

வளைவு தாண்டியதும்
நாலு விளக்கும் சிமிட்டியபடி போலோ.
எந்தக் குழி என்று எனக்குத் தெரியும்.
நேற்றுதான் சுற்றிப்போனேன்.

“ஆன்டி, நிக்கிறீங்களா?”
எனக்கு முப்பத்தாறு. நின்றேன்.
பெயர் கிவேஷன் படையாச்சி.
டிக்கியைத் திறந்தான்.
சக்கரம் படுக்கவேண்டிய பள்ளத்தில்
இட்லிப் பானை அளவு ஸ்பீக்கர்.
“உங்க பிஸ்கட்டைக் கொஞ்சம்...”
“எனக்கு?”
அதை அவன் யோசித்திருக்கவில்லை.
அதோடு அவனுக்கும் ஐந்து ஓட்டை, எனக்கும் ஐந்து ஓட்டை,
இடைவெளிதான் வேறு.
ஒன்றின் கால் மற்றதன் செருப்பில் நுழையாது.

பேவியூ வரை ஏற்றிக்கொண்டேன்.
மடியில் கைவைத்து
முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான்,
எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது.
“இது ரெண்டு லிட்டர் டர்போதானே?”
“ஆமா.”
கொஞ்ச தூரம் கழித்து,
“கஷ்டமா இல்லையா?”
நான் இண்டிகேட்டர் போட்டு
ஒரு தண்ணீர் லாரிக்கு வழிவிட்டேன்.

வியாழன் டயர் வந்தது. விலையைச் சொல்லமாட்டேன்.
பிஸ்கட்டைத் துடைத்து உள்ளே வைக்கும்போது பார்த்தேன்:
புது ரப்பரின் மயிரெல்லாம் உதிர்ந்து
வரிப்பள்ளத்தில் ஹிக்கின்சன் கற்கள்.
சாவியால் ஒவ்வொன்றாய்க் கெல்லினேன்.
ஒன்று வரவில்லை.
அதோடேயே கம்பளத்தை மூடினேன்.

இன்றைக்கு ரோபோவில் போலோ.
நாலும் நாலு சக்கரம் இருவருக்கும்.
கண்ணாடியை இறக்கி,
“ஆன்டி, வளைவுல குழி இன்னும் அடைக்கல.”
“தெரியும்.”
பச்சை விழுந்தது.
கணக்கு இப்போது பத்து, நாலு.